நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு டூ ஸ்ட்ரோக் வண்டியின் 2டி ஆயில்: ஊற்றலாமா, வேறு வழி பார்க்கலாமா?

"ணா, டேங்க்ல ஒரு மூடி 2டி ஊத்துங்க, இஞ்சின் சூடாவாது." வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து பங்க்குகளிலும் பட்டறைகளிலும் இந்தப் பேச்சு இப்போது மறுபடி அடிபடுகிறது. சூடு, டேப்பெட் (வால்வைத் திறக்கும் ராக்கரின் இடைவெளி) சத்தம், புதிதாக ரீபோர் செய்த (சிலிண்டரைக் கடைந்த) இஞ்சின், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய பயம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. குறைகள் பெரும்பாலும் உண்மையானவை. ஆனால் ஊற்றப்படும் மருந்து அந்தக் குறை இருக்கும் இடத்துக்கே போய்ச் சேருவதில்லை. 2டி ஆயில் எங்கே போகிறது, என்ன செய்கிறது, அதே குறைக்கு வேறு என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. அங்கே தனியாக ஆயில் தேக்கி வைக்க முடியாது. அதனால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 1:50 என்ற கணக்கில் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து, கிராங்க் பேரிங், பிஸ்டன், அது ஓடும் சிலிண்டரான போர் எல்லாவற்றையும் நனைத்தபடியே எரிய விடுகிறார்கள். நாலு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கீழே இறங்கவே இறங்காது. கார்புரேட்டரிலிருந்தோ இஞ்செக்டரிலிருந்தோ இன்லெட் வால்வைத் தாண்டி எரியும் அறைக்குப் போய், சைலன்ஸர் வழியாக வெளியேறிவிடும். கிராங்க், கேம், ராக்கர், கிளட்ச், கியர் எல்லாம் கீழே தேங்கியிருக்கும் இஞ்சின் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. போர் சுவரையும் அந்த ஆயில்தான் நனைக்கிறது. பிஸ்டனில் உள்ள ஆயில் ரிங் அதை வழித்து, தேவையான மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்கிறது.

ஆக, பெட்ரோலில் கலந்த 2டி ஆயில் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் தொடக்கூடிய இடங்கள் முக்கியமாக நான்கு: இன்லெட் வால்வின் தண்டும் முதுகும், பிஸ்டன் தலை, மேல் ரிங் ஓரம், பிளக் முனை. டேப்பெட் சத்தம் வரும் ராக்கர் ஆர்ம் ஹெட்டின் மேல் பக்கம், ஆயில் இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. 2டி ஊற்றியதும் டேப்பெட் சத்தம் அடங்கியது என்றால், பெரும்பாலும் அதே நாளில் இஞ்சின் ஆயிலும் மாற்றியிருப்பார்கள், அல்லது டேப்பெட்டைத் தொட்டிருப்பார்கள்.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி என்பது நாலு ஸ்ட்ரோக்கில் ஊற்றுபவர்கள் சொல்லும் 'சின்ன டோஸ்'. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி 1,000 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும். அதில் 100 மில்லி ஆயில் எரிகிறது. டூ ஸ்ட்ரோக் கணக்கிலேயே லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் 400 மில்லி. 100 சிசி வண்டிகளுக்கு ஒரு தடவை மாற்றும் இஞ்சின் ஆயிலே 900 மில்லி டப்பாவில்தான் வருகிறது. ரிங் தேய்ந்து 1,000 கிலோமீட்டருக்கு 400 மில்லி ஆயில் குறைந்தால் 'இஞ்சின் ஆயில் குடிக்கிறது, பிரிக்க வேண்டும்' என்போம். நல்ல இஞ்சினுக்கு அதே நிலையைக் காசு கொடுத்து வரவழைப்பதில் அர்த்தமில்லை.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2டி ஆயில் எரிவதற்கென்றே தயாரிக்கப்படுவது. பெட்ரோலில் சுலபமாகக் கரையக் கரைப்பான் சேர்த்திருப்பார்கள்; எரிந்தபின் சாம்பல் குறைவு. ஜாசோ (ஜப்பானிய தரக் குறியீடு) எஃப்சி, எஃப்டி தர ஆயில்களில் புகையும் குறைவு, எஃப்டியில் கரியைக் கழுவும் தன்மையும் அதிகம். தேய்ந்த ரிங் வழியே ஏறி எரியும் நாலு ஸ்ட்ரோக் ஆயிலை விட இது சுத்தம்தான். அதனால் சைலன்ஸரில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் 5 மில்லி கலந்து ஓட்டினால் நாளைக்கே இஞ்சின் போய்விடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. பலன் மிகக் குறைவு, கரி மெதுவாகச் சேரும் என்பதுதான் சரியான கணக்கு.

கரி சேர்வதற்கு முன்பே வரும் இன்னொரு பாதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறவில்லை, அதன் வழியே போகும் திரவத்தில் ஒரு பங்கு ஆயிலாகிவிட்டது, திரவமும் சற்றுக் கெட்டியாகிவிட்டது. போய்ச் சேரும் பெட்ரோல் குறைகிறது, கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இல்லை. லீன் ஆனால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் கூடுதலாகச் சூடாகும். ஆயிலின் ஆக்டேனும் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) பெட்ரோலை விடக் குறைவு என்பதால், கத்திரி வெயிலில் இருவரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது 'கிட கிட' என்று நாக்கிங் கேட்க வாய்ப்பு கூடுகிறது. சூட்டைக் குறைக்க ஊற்றியது சூட்டைக் கூட்டும் பக்கமே இழுக்கிறது.

இ20 விஷயத்துக்கு வருவோம். எத்தனால் பெட்ரோலின் வழுவழுப்பைத் தின்றுவிட்டது, அதை ஈடுகட்டத்தான் 2டி என்பது இப்போது அதிகம் சொல்லப்படும் காரணம். பழைய கார்புரேட்டர் வண்டி இ20-இல் சூடாவதற்குக் காரணம் வழுவழுப்பு இல்லை, காற்றும் எரிபொருளும் சேரும் விகிதம். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5 கிலோ. அதாவது அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருள் வர வேண்டும். பழைய ஜெட் அதைக் கொடுக்காது. லிட்டருக்கு உள்ள சக்தியும் சுமார் 7 சதவீதம் குறைவு. மைலேஜ் இறங்குவதும் பிக்கப் மந்தமாவதும் அதனால்தான். ஏற்கெனவே லீனாக ஓடும் வண்டியில் 2டி கலந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

கார்புரேட்டர் வண்டிக்கு உண்மையான மருந்து கலவையைச் சரிசெய்வதுதான். முதலில் ஏர் ஃபில்டர். குவாரி லாரிகளும் சாலை வேலையும் கிளப்பும் புழுதியில் ஓடும் வண்டியின் ஃபில்டர் அடைந்திருக்கும்போது செய்யும் டியூனிங், புது ஃபில்டர் போட்ட மறுநாளே லீனாகிவிடும். ஃபில்டர் சரியான பிறகு, ஸ்லோ ஸ்பீடு கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ. அது கார்புரேட்டரில் ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ: உள்ளே திருகினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ: வெளியே திருகினால் ரிச். இதை மாற்றிப் புரிந்துகொண்டு திருகுவதால் கெட்டுப்போகும் வண்டிகள் நிறைய. மெதுவாக முழுக்க உள்ளே திருகி, கையேட்டில் சொன்ன சுற்று (பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரைக்குள்) வெளியே எடுத்து, சூடான இஞ்சினில் கால் கால் சுற்றாக மாற்றி, ஸ்லோ ஸ்பீடு சீராக நிற்கும் இடத்தில் விட வேண்டும்.

ஸ்க்ரூ சரிசெய்வது ஸ்லோவில் மட்டும்தான். ஓட்டத்தில் லீனாக இருந்தால், ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை விடும் கார்புரேட்டர் நீடிலைத் தூக்க வேண்டும். நீடிலில் பல காடிகள் இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், ரிச் ஆகும். பல வண்டிகளில் கம்பெனியே ஒரே காடியோடு கொடுத்திருக்கும். அங்கே கிளிப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று வைப்பது வழக்கம். அப்போதும் முழு ஆக்ஸிலரேட்டரில் திணறினால் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிது. இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் ஜெட்டை மாற்றினால் எது சரியானது, எது கெட்டது என்று தெரியாமல் போகும். இன்னொன்று: ஏலகிரி போகிறவர்கள் மலை மேல் வைத்து டியூன் செய்யக் கூடாது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து கலவை தானாகவே ரிச் ஆகிவிடும். அங்கே சரியாகத் தோன்றும் செட்டிங், 14 வளைவுகளையும் இறங்கி அடிவாரப் பொன்னேரி வந்ததும் லீனாக நிற்கும்.

முடிவு சரியா என்று பிளக் சொல்லும். தேசிய நெடுஞ்சாலையில் 50, 60 வேகத்தில் சீராகப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே ஆஃப் செய்து ஓரம் கட்ட வேண்டும். ஸ்லோவில் ஓட விட்டால் நிறம் மாறிவிடும். இஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, நடு எலக்ட்ரோடைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாகி ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் லீன். உலர்ந்த மை போலக் கறுப்பு தூளாக உதிர்ந்தால் ரிச். கறுப்பாக, விரலில் பிசுக்கென்று ஒட்டினால் ஆயில் எரிகிறது. 2டி ஊற்றும் வண்டியில் இதைத்தான் அடிக்கடி பார்க்க முடியும், அப்புறம் ரிங் தேய்ந்ததா, ஊற்றிய ஆயிலா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். இ20-இல் பிளக் முன்பை விடச் சற்று வெளுத்தே இருக்கும். வெளுப்பை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், கொப்புளம்தான் எச்சரிக்கை.

பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு இத்தனை வேலையும் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை இஞ்செக்‌ஷன். சைலன்ஸர் பைப்பில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கலவையைப் பார்த்து, ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினி தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 2023 ஏப்ரல் முதல் வந்தவை இ20-ஐத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக்கோடுதான் வந்திருக்கின்றன. இவற்றில் 2டி ஊற்றுவது நேரடி நஷ்டம். ஆயில் எரிந்த படிவு சென்சார் முனையில் ஏறினால் அது மந்தமாகும், ஈசியூ தவறான தகவலை நம்பிக் கலவையை மாற்றும், இஞ்சின் விளக்கு எரியும். அதே படிவு கேட்டலிஸ்டையும் மூடும். அடைத்தால் வண்டி மேல் வேகத்தில் மூச்சு முட்டி நிற்கும்; மாற்றச் செலவு, மிச்சம் பிடித்த எதையும் விழுங்கிவிடும். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் அந்த உரிமையும் கேள்விக்குள்ளாகும். பெட்ரோல் பம்புக்கு ஆயில் வேண்டும் என்பதும் டீசல் வண்டியிலிருந்து வந்த பேச்சு. டீசல் வண்டியின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே லூப்ரிகேஷன். பைக் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் ஓடுவது, பெட்ரோலில் மூழ்கியிருப்பதே அதற்குப் போதும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மே மாதத்தில் ரிசர்வ் வரை ஓட்டாமல் கால் டேங்க்காவது வைத்திருப்பது நல்லது, பம்ப் ஆறுவது பெட்ரோலால்தான்.

தனியாக எச்சரிக்க வேண்டியவர்கள் டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள். பால் கேன், பூக்கூடை, காய்கறி மூட்டை என்று பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் ஆண்டுக்கணக்கில் ஆயில் கலந்து ஓட்டிய கை, எக்ஸ்எல் 100 வாங்கிய பிறகும் பழக்கத்தில் கலக்கிறது. எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக். அதற்கு இஞ்சின் ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது. ஆயில் கலந்த பெட்ரோலால் வரும் கரியை விடப் பெரிய ஆபத்து, 'பெட்ரோல்லயே ஆயில் இருக்கே' என்று கீழே உள்ள ஆயிலைப் பார்க்காமல் விடுவது. அது குறைந்தால் கேமும் கிராங்க்கும் காய்ந்து இஞ்சின் ஜாம் ஆகும். வீட்டில் இரண்டு வண்டியும் இருந்தால் டப்பாவைத் தனித்தனியாக வைத்து எழுதி ஒட்டுங்கள். 2டி ஆயிலை நாலு ஸ்ட்ரோக்கின் ஆயில் மூடியில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாமல் வடித்துவிட வேண்டும்.

சூடு, சத்தம் இரண்டுக்கும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இஞ்சின் ஆயிலும் டேப்பெட்டும்தான். 2டிக்குச் செலவழிக்கும் காசை இங்கே போடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆயில் அளவைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, அதே நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். பல ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப் ஸ்டிக்கை மரையில் திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கையேட்டில் 10டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மைக் குறி சொன்ன வண்டிக்கு அதையே ஊற்றலாம். கையேட்டின் வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால், 40 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் நிறைய ஓடிய ஏர் கூல்டு வண்டிக்கு 20டபிள்யூ-40 பொருந்தும்.

டேப்பெட்டை இரவு முழுக்க ஆறிய இஞ்சினில்தான் வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, மேக்னெட் பக்கம் 'டி' குறி நேராக வரும்படி சுற்றி, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்று. ஃபீலர் கேஜ் தகடு மெல்லிய உராய்வோடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது அளவு நகரும். எத்தனை மில்லிமீட்டர் என்பதற்குக் கையேடுதான் கணக்கு. பழைய புஷ்ராட் புல்லட்டில் கேஜ் கிடையாது: புஷ்ராட் விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சத்தமே வராதபடி இறுக்கி வைப்பது பெரிய தவறு. வால்வ் முழுதாக உட்காராமல் எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். லேசான 'டிக் டிக்' இருப்பதே நல்லது.

புல்லட்காரர்கள் சொல்லும் இன்னொரு காரணம், முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் இப்போது இல்லை என்பது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். வால்வ் சீட் தேயாமல் இருக்க 2டி உதவும் என்பது அன்றிலிருந்து வரும் நம்பிக்கை. அலுமினிய ஹெட்டில் சீட்டைத் தனி உலோக வளையமாகத்தான் பதிக்க முடியும், அலுமினியம் அந்த அடியைத் தாங்காது; அதனால் சீட் தேயும் பயம் அங்கே குறைவு. ஈயத்துக்கு மாற்றான சேர்மானங்கள் பொட்டாசியம், மாங்கனீஸ் போன்றவற்றைக் கொண்டவை. 2டி ஆயில் அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

கரி, பிசுக்கு சேர்ந்து பிக்கப் குறைந்த வண்டிக்குப் பாலிஈதர்அமீன் உள்ள ஃபியூயல் சிஸ்டம் கிளீனர் நல்ல வழி. டப்பாவில் சொன்ன அளவை டேங்கில் ஊற்றிய பிறகு பெட்ரோல் நிரப்பினால் தானே கலந்துவிடும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும், ஒவ்வொரு டேங்க்குக்கும் தேவையில்லை. சேர்மானத்தின் பெயர் டப்பாவில் இல்லாத சரக்கை விட்டுவிடலாம். 95 ஆக்டேன் பெட்ரோலில் கழுவும் சேர்மானம் இருக்கும், ஆனால் சாதாரண கம்ப்ரஷன் உள்ள 100, 125 சிசி வண்டிக்கு அந்த ஆக்டேனால் சக்தி கூடாது.

மழைக்காலத்தில் தண்ணீர் கலந்தால் 2டி சுத்தமாக உதவாது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகப் பிரிந்துவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். டேங்க்கின் அடியிலிருந்து உறிஞ்சும் இஞ்சினுக்கு அந்தத் தண்ணீர்தான் போகும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் பவுலின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால், கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்க்கை முழுக்கக் காலி செய்துவிட்டு நிரப்புங்கள். பழைய வண்டியில் ஊதிப்போன பெட்ரோல் குழாய்க்கும் ஆயில் மருந்தாகாது. எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் குழாயும் புது ஃப்ளோட் நீடிலும்தான் வழி.

வெளியூர் போவதால் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு ஆயில் உண்மையில் வேண்டும், ஆனால் டேங்கில் அல்ல. கார்புரேட்டரைக் காலி செய்து, டேங்க்கை நிரப்பி, பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி இஞ்சின் ஆயில் விட்டு, நாலைந்து முறை கிக் அடித்துப் பிளக்கை மாட்டினால் போர் துருப்பிடிக்காது. ரீபோர் செய்த இஞ்சினுக்கும் அப்படியே: பூட்டும்போது போரிலும் ரிங்கிலும் இஞ்சின் ஆயில் தடவுவதுதான் பாதுகாப்பு. பிறகு முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாமல், அதிகப் பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை மாற்றிவிட வேண்டும். முதல் டேங்கில் 2டி அதிகமானால் ரிங் போரோடு உரசிப் பதிவது தாமதமாகும்.

இதுவரை ஊற்றி வந்தவர்கள் டேங்க்கை வடிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வெறும் பெட்ரோல் நிரப்புங்கள். ஊற்றும்போது லீனாக இருக்கிறதே என்று ஏற்கெனவே ஜெட்டைப் பெரிதாக்கியிருந்தால் அதை மறுபடி பாருங்கள். பிளக்கைப் புதிதாகப் போட்டு 500 கிலோமீட்டர் ஓட்டிக் கழற்றிப் பாருங்கள். பிசுக்கு இல்லாமல் காய்ந்திருந்தால் பழைய பிசுக்கு 2டியால் வந்தது. அப்போதும் பிசுக்கு இருந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்பப் பிடிக்கும் நேரத்தில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும்: வந்தால் வால்வ் சீல். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங்.